அலையாத்திக் காட்டின் பயனை ஊருக்குச் சொல்ல எந்தக் கலை?

காலநிலை மாற்றத்தைப் பற்றிய கலைப்படைப்புகளில் மிகுதியானவை இழப்பைக் காட்டுபவை. உருகும் பனிப்பாறையும் வெடித்த ஏரிப்படுகையும் கடல் புகுந்த வீடும் ஓவியருக்கும் படமெடுப்பவருக்கும் எளிதில் வசப்படுகின்றன. காலநிலை நடவடிக்கையால் விளையும் நன்மை அப்படி வசப்படுவதில்லை. அது மெதுவாக வருகிறது. பலருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து சேர்கிறது. பல வேளைகளில் நேராமல் போன கேடாக மட்டுமே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. ஆகவே நன்மையைச் சொல்லக் கலையை நாடும் ஓர் ஊராட்சியோ தன்னார்வக் குழுவோ, எந்தக் கலை அழகாக இருக்கும் என்று மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. மெதுவாக வருவதையும் பிரிந்து சேர்வதையும் கண்ணுக்குத் தெரியாததையும் தாங்கிச் சொல்லக்கூடிய கலை எது என்று பார்த்தாக வேண்டும்.

இதைப் பொதுவாகப் பேசினால் எல்லாக் கலைகளும் நல்லவை என்ற முடிவுக்குத்தான் வந்து சேர்வோம். எனவே ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதையொட்டிய கிள்ளை, பரங்கிப்பேட்டை வட்டாரத்து ஊர்களில், காட்டை மீட்பதால் ஊருக்குக் கிடைப்பது என்ன என்பதைக் கலை வழியாகச் சொல்ல ஒரு குழுவிடம் சிறு தொகை இருக்கிறது என்று கொள்வோம். தொகை ஒரே ஒரு முயற்சிக்குத்தான் போதும். கூட்டத்தில் ஒருவர் சுவரோவியம் என்பார், இன்னொருவர் தெருக்கூத்து என்பார். இளைஞர்கள் காணொளிப் பாடல் கேட்பார்கள். வெளியூர் போய்வந்த ஒருவர் கடற்கரையில் பெரிய நிறுவுகலை ஒன்றை, அதாவது ஓர் இடத்தில் பொருள்களை அமைத்துக் காட்டும் படைப்பை, வைக்கலாம் என்பார். இவற்றுள் எதைத் தேர்வது?

அதற்கு முன், சொல்லப்பட வேண்டியது என்ன என்பது தெளிவாக வேண்டும். இதைச் செய்யாமலே கலைஞரை அழைத்துவிடும் குழுக்கள்தான் அதிகம். பிச்சாவரத்தில் காடு நலிந்த காரணத்தைப் பள்ளிப்பிள்ளைக்கும் விளக்கலாம். பிரிட்டிஷ் ஆட்சிக்காலம் தொட்டு 1970கள் வரை காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து முழுக்க வெட்டினார்கள். நிழலிழந்த சேற்றிலிருந்து நீர் ஆவியாகி மண் அமிழ்ந்தது. அமிழ்ந்த இடம் தாம்பாளம் போலக் குழிந்துவிட, ஏற்றத்தின்போது உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தின்போது வெளியேற வழியின்றித் தேங்கியது. வெயிலில் காய்ந்து மேலும் மேலும் உப்பேறியது. அந்த உவரில் எந்த முளையும் பிடிக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர்மக்களோடும் சேர்ந்து இதற்குக் கண்ட வழி, நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டுவதாகும். மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம் தெரியும். கடல்நீர் தங்குதடையின்றி வந்து போகத் தொடங்கியதும் உவர் குறைந்தது. வாய்க்கால் கரைகளில் நட்ட வெண்கண்டல் பிடித்துக்கொண்டது. சில ஆண்டுகளில் சேற்றிலிருந்து விரல் நீளத்துக்கு மூச்சுவேர்கள் நெருக்கமாக நிமிர்ந்து நின்றன. வேர்களுக்கிடையில் நண்டுக்குஞ்சும் இறால்குஞ்சும் ஒதுங்கின. நீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பறியில் சேர்க்கும் இருளர் குடும்பங்களுக்கு இது நேரடியான வருவாய். சேறு தனக்குள் பூட்டி வைக்கும் கரிமம் உலகத்துக்கான நன்மை. இறால் ஊருக்கான நன்மை. ஊரில் பேசும்போது எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அடுத்து வருவது காவல். 2004 டிசம்பர் 26 அன்று காடு எங்களைக் காத்தது என்று இந்த வட்டாரத்தில் பலரும் சொல்வார்கள். ஆழிப்பேரலை காலநிலை மாற்றத்தால் வந்ததன்று. என்றாலும் புயல் அலையைப் பற்றிப் பேசும்போது ஊரின் நினைவு அதிலிருந்துதான் தொடங்குகிறது. கடலூர் மாவட்டக் கடலோரத்தில் மரங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததென்று ‘சயின்ஸ்’ இதழில் 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. அதே ஆண்டில் பரங்கிப்பேட்டைக் கடலோரத்தின் 18 மீனவக் குடியிருப்புகளைக் கொண்டு வேறு இருவர் எழுதிய ஆய்வும் அதே போக்கில் இருந்தது. ஆனால் 2006இல் அந்த இரண்டாம் ஆய்வின் எண்களை மறுபடி கணக்கிட்ட வேறு ஆய்வாளர்கள், குடியிருப்பு கடலிலிருந்து இருந்த தொலைவையும் நிலத்தின் உயரத்தையும் கணக்கில் எடுத்தபின் மரங்களுக்கென்று தனியே எஞ்சும் பங்கு மிகச் சிறிது என்று வாதிட்டார்கள். காடு பயனற்றது என்பது இதன் பொருளாகாது. அலையின் வேகத்தை அடர்ந்த காடு தணிக்கும். ஆனால் காடு இருக்கிறதென்று தாழ்ந்த கரையில் வீடு கட்டிவிட முடியாது. இந்த ‘ஆனால்’ ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டு ஊரை நம்பவைத்தால், 2011இல் கடலூரைத் தாக்கிய ‘தானே’ போன்ற புயல் அடுத்து வரும்போது அந்த நம்பிக்கை உயிரைக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு கலையையும் எடைபோடும்போது, அது ‘ஆனால்’ என்று சொல்லக்கூடியதா என்பதை ஒரு முக்கிய அளவுகோலாகக் கொள்கிறேன். நன்மையைப் பரப்பும் வேலை விளம்பரமாகிவிடும் இடம் இதுதான் என்பது என் கருத்து.

கலை பார்த்தவர் மனத்தில் என்ன செய்கிறது என்பதற்கு ஓரளவு சான்றும் இருக்கிறது. 2015 டிசம்பரில் பாரிசில் காலநிலை மாநாடு நடந்தபோது நகரெங்கும் வைக்கப்பட்ட 37 படைப்புகளைப் பற்றி 874 பார்வையாளர்களிடம் நார்வே ஆய்வாளர்களான லாரா சோமரும் கிறிஸ்டியன் குளுக்னரும் கருத்துக் கேட்டார்கள். பார்வையாளர்களின் எதிர்வினையைக் கொண்டு படைப்புகள் நான்கு வகையாகப் பிரிந்தன: இதமான கனவுலகு காட்டியவை, அச்சமூட்டும் இருண்ட காலம் காட்டியவை, பழகிப்போன குறியீடுகளைப் பயன்படுத்தியவை, அழகோடு ஒரு தீர்வையும் காட்டியவை. பார்த்தவர் மனத்தை மிகுதியாகத் தொட்டவை கடைசி வகையைச் சேர்ந்தவை. அந்த வகையில் இருந்தவையோ 37இல் மூன்றே. கேள்விகள் பார்த்த உடனே கேட்கப்பட்டவை என்பதால், அவர்கள் வீடு திரும்பிய பிறகு என்ன செய்தார்கள் என்பதற்கு இது விடையாகாது. ஆயினும் தீர்வைக் காட்டுவது கலையின் வலிமையைக் குறைத்துவிடும் என்று அஞ்சும் கலைஞர்களுக்கு இது போதிய மறுமொழி.

நிறுவுகலையை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் அதைத் தள்ளிவைப்பது எளிது. அதே மாநாட்டின்போது ஓலாஃபர் எலியாசன் என்னும் கலைஞர், கிரீன்லாந்தின் நூக் அருகே கடலில் மிதந்த 12 பெரும் பனிக்கட்டிகளை ஏறத்தாழ 80 டன் எடையில் கொண்டுவந்து பாந்தியோன் சதுக்கத்தில் கடிகார முகம் போல வட்டமாக அடுக்கிவைத்தார். மக்கள் கையால் தொட்டார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் சிறைப்பட்ட காற்று வெடித்து வெளியேறும் ஒலி கேட்டது. எச்சரிக்கைக்கு இதைவிடக் கூர்மையான கலை அரிது. அதைச் செய்து முடிக்க ஏறத்தாழ 30 டன் கரியமில வாயு வெளியேறியதாகக் கணக்கிடப்பட்டதையும், அந்தக் கணக்கைக் குழுவினரே வெளியிட்டதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் அது உருகி முடிவதற்காகவே வைக்கப்பட்ட பொருள். சில நாளில் முடியும் காட்சி, முடிவைப் பற்றித்தான் பேச முடியும்; ஐந்து ஆண்டில் வேரூன்றும் காட்டைப் பற்றி அது பேசாது. தவிர, பெருநகரச் சதுக்கத்தில் வழிப்போக்கர் ஆயிரக்கணக்கில் கடந்துபோவார்கள். கிள்ளையில் பார்க்கப்போவது ஒரே ஊரார், ஒரே பொருளை, நாள்தோறும். மூன்றாம் நாளில் அது கண்ணில் படாது.

சுவரோவியத்துக்கு வாதம் வலுவாகவே இருக்கிறது. சென்னையின் கண்ணகி நகரில் 2020இல் குடியிருப்புக் கட்டடங்களின் பக்கச்சுவர்கள் முழுவதும் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டபோது, நகரம் ஏளனமாகப் பேசிவந்த மறுகுடியமர்வுப் பகுதியைப் பார்க்க வெளியார் வந்தார்கள். ஒரு பகுதியின் பெயரை ஓவியம் ஓரளவு மாற்ற முடியும் என்பதற்கு அது சான்று. செலவு முன்கூட்டியே தெரியும், வேலை சில நாளில் முடியும், புகைப்படம் கிடைக்கும், நிதி தந்தவருக்கு அறிக்கை எழுதுவது எளிது. கடைசிக் காரணத்தால்தான் சுவரோவியம் இவ்வளவு தேர்ந்தெடுக்கப்படுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

குறைகளில் முதலாவது பருப்பொருள் சார்ந்தது. உப்புக்காற்றடிக்கும் கடலோரச் சுவரில் சாயம் பொரிந்து உதிரும். வடகிழக்குப் பருவமழை சிலவற்றைத் தாங்கிய பின் நிறம் வெளுத்து, காப்பாற்றப்பட வேண்டிய காடே பட்டுப்போனது போலத் தோன்றும். இரண்டாவது குறை ஆழமானது. சுவருக்கு ‘ஆனால்’ கிடையாது. பச்சை மரங்களுக்குப் பின்னால் சிரித்த முகங்களும் முன்னால் தணிந்த அலையும் வரைந்தால், அது நிபந்தனையற்ற வாக்குறுதியாகத்தான் படிக்கப்படும். காவலைப் பற்றிய மறுகணக்கை அந்தச் சுவரில் எங்கே எழுதுவது? எழுதினால் அது அறிவிப்புப் பலகை. சுவர் எதிர்க்கேள்வியும் கேட்டுக்கொள்ளாது. காட்டை மீட்கும் பகுதியில் மாடு மேய்க்கக் கூடாது, சில இடங்களில் வலை வீசக் கூடாது என்ற கட்டுப்பாடுகள் வரும். அவற்றால் இழப்பவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். தன் மாட்டுக்கு வழி கேட்டு நிற்பவரை அந்தச் சிரித்த முகங்கள் நாள்தோறும் எரிச்சலூட்டும்.

காணொளிப் பாடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். எண்ணூர்க் கழிமுகத்தை ஆலைகள் விழுங்குவதைப் பற்றி 2017இல் டி. எம். கிருஷ்ணா சென்னைத் தமிழில் பாடி வெளிவந்த பாடல், அதுவரை எண்ணூரைப் பற்றி எண்ணியே பார்க்காத நகரத்தாரிடம் அந்தப் பெயரைக் கொண்டுசேர்த்தது. வெகுதொலைவில் இருப்பவரை எட்டுவதில் பாடலை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் அது குற்றச்சாட்டாக இருந்ததால் பாடலுக்குக் கூர்மை வந்தது. நன்மையைப் பாடும் பாடல் வாழ்த்துப்பாவாக நீர்த்துவிடும் இடர் மிகுதி. மேலும் நமது குழு எட்ட வேண்டியவர்கள் தொலைவில் இல்லை. தரவுக்கலையும் அப்படித்தான். ரெடிங் பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018இல் வெளியிட்ட நீலமும் சிவப்புமான வெப்பப் பட்டைகள், ஆண்டுக்கு ஒன்றாக வெப்பநிலையை நிறத்தால் காட்டுபவை, உலகெங்கும் பரவின. ஓவியத்தோடு கலந்த வரைபடத்தைப் பார்க்கும்போது அமெரிக்கரிடையே கட்சி வேறுபாட்டால் வரும் கருத்து இடைவெளி குறைந்ததென்று விஸ்கான்சின் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள். மாவட்ட அலுவலகத்தில் திட்டத்தை விளக்கப் போகும்போது இது உதவும். தன் வாய்க்காலில் எவ்வளவு இறால் வருகிறதென்று கையாலேயே அறிந்தவருக்குப் பட்டை வரைந்து காட்டுவது தேவையற்றது.

தெருக்கூத்துக்கு வருவோம். இந்த வட்டாரம் கூத்து வழங்கும் நிலம். தென்மாவட்டங்களுக்கு வில்லுப்பாட்டு எப்படியோ, பழைய தென்னார்க்காட்டுக்குக் கூத்து அப்படி. விழிப்புணர்வு நிகழ்ச்சி என்றதும் எங்கிருந்தோ வில்லைக் கொண்டுவந்து கடலூரில் நிறுத்தும் பழக்கத்துக்கு நியாயம் இல்லை. பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும். காண்டவ வனம் எரிந்த கதையை இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சிதம்பரம் நடராசர் கோயிலின் தலமரமான தில்லையும் அலையாத்தி இனங்களுள் ஒன்றுதான். நகரத்தில் அருகிப்போன அதைப் பார்க்க வேண்டுமானால் பிச்சாவரத்துக்கு வர வேண்டும். கதைக்கும் காட்டுக்கும் இடையில் ஏற்கெனவே போடப்பட்ட பாலங்கள் இவை. இவற்றை நாம் கட்ட வேண்டியதில்லை.

கூத்தின் பெரிய வலிமை கட்டியக்காரன். இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னாலிருந்து அரசன் ஆடி வெளியே வந்து தன் பெருமையைப் பாடும்போது, பக்கத்தில் நின்று, “அதெல்லாம் சரி மகராசா, ஊரிலே வரி யார் கட்டுறது?” என்று கேட்கும் உரிமை அவனுக்குத் தொன்றுதொட்டு உண்டு. நாம் தேடிய ‘ஆனால்’ கூத்துக்குள்ளேயே வேடம் போட்டு நிற்கிறது. ‘காடு காக்கும்’ என்று வேடக்காரர் பாடினால், “அப்போ நான் கடலோரமா வீடு கட்டிக்கலாமா?” என்று அவன் கேட்பான், விடை சொல்லியாக வேண்டும். “என் மாட்டை எங்கே மேய்க்கிறது?” என்று அவன் கேட்கும்போது கூட்டத்தில் ஒருவர் நிமிர்ந்து உட்காருவார். எதிர்ப்பாளரின் கேள்வியை மேடையே எடுத்துப் பேசுவது, அவருக்கு ஓவியம் தராத மரியாதை. அடுத்த ஊரில் வேறு கேள்வி எழுந்தால் கட்டியக்காரன் அங்கே அதைக் கேட்பான். இப்படி ஊருக்கேற்ப மாறும் தன்மை மேலே சொன்ன எந்தக் கலைக்கும் இல்லை.

மக்களுக்கு வரும் நன்மையை மேடைக்கலை கொண்டுசேர்த்ததற்கு நம்மிடம் பெரிய முன்னுதாரணமும் இருக்கிறது. மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980இல் அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுசெல்லத் தொடங்கிய கலாஜாதா என்னும் கலைப்பயணம், 1987இல் நாடு தழுவிய அறிவியல் பயணமாக விரிந்தது. அந்த அனுபவத்தின் மேல்தான் தமிழ்நாட்டின் எழுத்தறிவு இயக்கமான அறிவொளி நின்றது. புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளியின் பாட்டும் நாடகமும், எழுத்தறிவால் நாட்டின் குறியீட்டெண் உயரும் என்றெல்லாம் பேசவில்லை. பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்கலாம், கைநாட்டு வைக்க வேண்டாம், கூலிக்கணக்கில் ஏமாற வேண்டாம் என்ற கைக்கெட்டும் நன்மையைப் பேசின. சைக்கிள் ஓட்டுவதும் அந்த இயக்கத்தோடு சேர்ந்து, பல்லாயிரம் பெண்கள் பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திராமல் தாமே போய்வரக் கற்றார்கள். அதற்கென்று பாட்டும் பிறந்தது. எழுத்தறிவின் பயனும் காட்டின் பயனைப் போலவே மெல்ல வருவதுதான். அருகில் இருக்கும் முதல் படியைப் பாடியதால் அது கூட்டத்தை எட்டியது. காலநிலைப் பரப்புரையில் ‘வருங்காலத் தலைமுறைக்காக’ என்ற தொடர் எங்கெல்லாம் வருகிறதோ, அங்கெல்லாம் இந்த வருடத்து இறாலை வைத்துப் பார்க்கலாம்.

இதே கலை தோற்கும் விதமும் நாம் அறிந்ததே. துறையின் துண்டறிக்கையைக் குழுவின் கையில் கொடுத்து, இரண்டு நாளில் ஒத்திகை பார்த்து, ஒரே நாளில் ஐந்து ஊரில் ஆடச்சொல்வார்கள். திட்டங்களின் பெயர்களை வேடக்காரர் ஒப்பிப்பார். கட்டியக்காரன் ‘ஆகட்டும் ஐயா’ என்று தலையாட்டுவான். நாற்பது நிமிடத்தில் முடிந்து வேன் கிளம்பிவிடும். அதைக் கூத்தின் தோல்வி என்று எழுதிவிடக் கூடாது. கட்டியக்காரனின் வாயைக் கட்டிவிட்டு நடத்தப்பட்டது அது. ஆகவே கூத்தைத் தேர்பவர் ஒரு நிபந்தனையையும் சேர்த்தே தேர்கிறார்: கதை, ஊராருடன் உட்கார்ந்து எழுதப்பட வேண்டும், மாடு வைத்திருப்பவரும் இருளர் பெண்களும் அந்த அமர்வில் இருக்க வேண்டும், குழுவுக்குப் பிடிக்காத கேள்வியும் உள்ளே வர இடம்தர வேண்டும். கலைஞர்களுக்குக் கதை எழுதும் நாட்களுக்கும் ஒத்திகை நாட்களுக்கும் ஊதியம் உண்டு என்பதைச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமானது.

கூத்துக்கு ஈடாக நான் கருதும் இன்னொரு வழி, நடவையே கலையாக்குவது. ஜெர்மனியின் காசல் நகரில் 1982இல் யோசப் பாய்ஸ் என்னும் கலைஞர், அருங்காட்சியகத்தின் முன்னால் 7,000 பசால்ட் கற்களைக் குவித்துவிட்டு, ஒரு கல்லை அங்கிருந்து எடுக்க வேண்டுமானால் நகரத்தில் ஒரு மரத்தை நட்டு அதன் பக்கத்தில் அதை ஊன்ற வேண்டும் என்று அறிவித்தார். குவியல் நகரத்தாரில் பலருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காதவர்களுக்கும் அதைக் குறைக்கும் வழி நடவு மட்டுமே. ஐந்து ஆண்டு நடந்தது; 1986இல் அவர் இறந்துவிட, 1987இல் கடைசி மரத்தை அவர் மகன் நட்டார். நட்ட அன்று கன்றைவிடக் கல் பெரிதாகத் தெரிந்திருக்கும். இன்று கல் மரத்தடியில் கிடக்கும் ஒரு துண்டு. மெதுவாக வரும் நன்மையைக் காட்டுவதற்கு, வளராத ஒன்றை வளரும் ஒன்றின் பக்கத்தில் வைத்த அந்த எண்ணத்தைவிட நேர்த்தியான ஏற்பாட்டை நான் அறியேன். செய்த வேலையின் அளவு ஊர்நடுவில் குவியல் குறைவதாகவும், அதன் பயன் தெருக்களில் மரம் ஓங்குவதாகவும் இரண்டு இடத்தில் தெரிந்தது.

சேற்றுநிலத்துக்குக் கல் பொருந்தாது. இந்தக் கடற்கரையில் எளிதாகக் கிடைப்பது சவுக்கு. வெட்ட வேண்டிய சிறு வாய்க்கால்களின் எண்ணிக்கைக்கேற்பச் சவுக்குக் கழிகளை நியாயவிலைக் கடை முன்னால் கட்டாக அடுக்கிவைத்து, ஒவ்வொரு வாய்க்காலும் வெட்டி நட்டு முடிந்ததும் அதை வெட்டிய குடும்பங்கள் தம் கழியில் தமக்குப் பிடித்ததை வரைந்து வாய்க்கால் முனையில் ஊன்றலாம். ஆண்டுக்கொரு முறை படகில் போய்க் கன்றின் உயரத்தைக் கழியில் குறிக்கலாம். காப்புக்காட்டுக்குள் என்பதால் வனத்துறையின் அனுமதி வேண்டும். நீரில் நிற்கும் மரத்தைக் கப்பல்புழு அரிக்கும் என்பதால் சில ஆண்டுக்கொரு முறை கழி மாற்றவும் வேண்டும். மாற்றும் நாள் கன்றைப் பார்க்கப் போக இன்னொரு காரணம். கன்று பிடிக்காமல் போனால் கழி மட்டும் தனியாக நிற்கும். பொருந்தாத சேற்றுத்திட்டில் பொருந்தாத இனத்தை நட்டுப் படமெடுத்துக்கொண்டு போகும் நடவுகள் உலகெங்கும் உண்டு. தோல்வியை மறைக்க விடாத கலையை அதிகாரிகள் விரும்பமாட்டார்கள் என்றாலும், எனக்கு அதுவே இதன் சிறப்பாகப் படுகிறது. குறை வேறிடத்தில் இருக்கிறது. ஏற்கெனவே மண்வெட்டி எடுக்க இசைந்தவர்களிடம் மட்டுமே இது பேசும். மேய்ச்சலை இழந்தவர் கழியில் வரைய வரமாட்டார்.

அந்தக் காரணத்தாலேயே, ஒன்றுக்குத்தான் பணம் என்றால் கூத்தைத் தேர்வேன். இசையாதவரையும் இரவு முழுக்க உட்காரவைக்கும் கலை அது ஒன்றுதான். கழி முறைக்குச் செலவு மிகக் குறைவு என்பதால் கூத்தின் முடிவிலேயே கழிக்கட்டை மேடைக்குக் கொண்டுவந்து அதையும் இதனோடு சேர்த்துவிடலாம். ஆனால் வரிசை மாறக் கூடாது. கேள்விகளைப் பேசி முடிக்காமல் கழியைக் கொடுத்தால் வாங்குபவர் சிலரே. ஊராரோடு உட்கார்ந்து கதை எழுத இசையும் கூத்துக்குழு கிடைக்காவிட்டால், அவசரத்துக்குக் கிடைத்த குழுவை வைத்து ஆடுவதைவிடக் கழிகளோடு மட்டும் தொடங்குவது மேல்.

பார்ப்பவர் மாறினால் என் முடிவும் மாறும். பிச்சாவரம் படகுத்துறைக்கு வரும் சுற்றுலாப் பயணியிடம் பேச வேண்டுமானால், அவர் ஒருமுறை வந்து ஒருமணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர். வாய்க்கால் வெட்டும் முன்பும் பின்பும் நிலம் எப்படி இருந்தது என்பதைக் காட்டும் நல்ல சுவரோவியம் அங்கே கூத்தைவிடப் பொருந்தும். சென்னையில் இருந்து நிதி திரட்ட வேண்டுமானால் பாடல். ஊருக்குள் என்றால் இவ்விரண்டும் வேண்டாம்.

காலக்கணக்கும் கூத்துக்கே சாதகமாக இருக்கிறது. கோடை வாய்க்கால் வெட்டும் காலம், அதுவே கூத்துக்காலமும். நடவு வடகிழக்குப் பருவமழையை ஒட்டி வரும். மாசியில் கதை எழுத உட்கார்ந்தால் சித்திரையில் ஆடலாம், ஆடிய ஊரில் அடுத்த வாரமே வாய்க்கால் வேலைக்குப் பெயர் எழுதலாம். தொகையைப் பிரிக்கும்போது இரண்டாம் ஆண்டு ஆட்டத்துக்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். முதல் ஆண்டில் கட்டியக்காரன் கேட்ட கேள்விகளுக்கு என்ன நடந்ததென்று அவன் திரும்பி வந்து கேட்க வேண்டியிருக்கும். மேய்ச்சலுக்கு மாற்றிடம் கிடைத்ததா, எத்தனை வாய்க்காலில் கன்று பிடித்தது என்பதற்கு விடை அப்போதுதான் இருக்கும். இதற்கெல்லாம் ஒதுக்கிய பின் ஏதேனும் மிஞ்சினால் சுவருக்குச் சாயம் வாங்கலாம்.